கட்டி முடித்த ஊருக்குக் குடிமக்கள் எங்கே?



மஃரிபுக்குப் பின் பாடங்களை முடித்துவிட்டு, டேப்லெட் கணினியும் கையுமாக அமர்ந்திருக்கும் உங்கள் மகன் அல்லது மகளின் அருகே ஒரு நாள் சென்று உட்கார்ந்து பாருங்கள். சதுரக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தப் பிள்ளை ஓர் ஊரையே எழுப்பியிருக்கக் கூடும். வீடுகள் இருக்கும். கடைத்தெரு இருக்கும். ஆற்றின் குறுக்கே பாலமும், மேட்டின்மீது கோட்டையும் இருக்கும். ஆனால் அந்தத் தெருக்களில் நடமாட ஒருவரும் இருக்க மாட்டார். சில வாரங்கள் கட்டி மகிழ்ந்தபின், 'இந்த ஊரில் ஏன் ஆட்களே இல்லை?' என்ற கேள்வி அந்த இளம் உள்ளத்தில் தானாகவே எழும்.

இந்தக் கேள்வி எழும் நேரம் மிகவும் பயனுள்ள நேரம். ஊருக்கு ஆட்களைக் கொண்டுவரும் வழியைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொண்டால், கணினி உலகைப் பற்றிய ஓர் அரிய பாடத்தை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடத்திவிடலாம். திரையில் தோன்றிப் பேசும் உருவங்களுள் எது இயந்திரம், எது மனிதர் என்று பிரித்தறியும் பாடம் அது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த அறிவு எழுத்தறிவைப் போலவே இன்றியமையாதது.

ஆட்டத்தின் வரலாறு

பிள்ளைகள் பெரிதும் விரும்பும் இந்தக் கட்டுமான ஆட்டத்தின் பெயர் மைன்கிராஃப்ட். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் என்பவர் உருவாக்கி, 2009-ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கு வைத்தார். அதன் முழுமையான பதிப்பு 2011 நவம்பரில் வெளிவந்தது. கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் உரிய சிறு பதிப்பும் அதே ஆண்டில் பிறந்தது. அவர் நிறுவிய மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலர் கொடுத்து வாங்கப் போவதாக 2014-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2023-ஆம் ஆண்டிற்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாகி, உலகிலேயே மிக அதிகமாக விற்ற கணினி ஆட்டம் என்னும் பெயரையும் அது பெற்றுவிட்டது.

இந்த ஆட்டத்தில் வென்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மணற்பரப்பில் குழந்தைகள் வீடு கட்டி விளையாடுவதைப் போல, விரும்பியதைக் கட்டலாம். விரும்பினால் இடித்தும் விடலாம். டேப்லெட் பதிப்பில் தொடக்கக் காலத்தில் கிராமங்களோ கிராமவாசிகளோ இருக்கவில்லை. 2014-ஆம் ஆண்டில்தான் அவர்கள் அங்கே குடிபுகுந்தனர்.

முதலில் செய்ய வேண்டியது

ஆட்களைச் சேர்க்கத் தொடங்குமுன், பிள்ளை பாடுபட்டுக் கட்டிய ஊருக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் அமைப்புப் பக்கத்தில் அதற்கான பொத்தான் உள்ளது. இது ஏன் தேவை? கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் வசதியைப் பெற, 'சீட்ஸ்' என்னும் விசையை இயக்க வேண்டும். பொருள்கள் எல்லாம் தடையின்றிக் கிடைக்கும் 'கிரியேட்டிவ்' முறைக்கும் மாற வேண்டும். இவற்றைச் செய்தபின் அந்த உலகத்தில் சாதனைப் பதக்கங்கள் கிடைக்கமாட்டா. பின்னர் மனம் மாறினாலும் அதைத் திருத்த இயலாது. நகல் இருந்தால் பழைய ஊர் பழையபடியே இருக்கும்; புதிய ஊரில் அச்சமின்றிச் சோதனைகள் செய்யலாம்.

கிராமவாசியை அழைத்தல்

இந்த ஆட்டத்தில் கணினியே இயக்கும் மாந்தர்களில் இருவகையினரை இங்கே பார்ப்போம். முதல் வகையினர் கிராமவாசிகள். 'கிரியேட்டிவ்' முறையில் பொருள் பெட்டியைத் திறந்து, கிராமவாசிக்கு உரிய முட்டையை எடுத்துத் தரையைத் தொட்டால், நீண்ட மூக்கும் கட்டிய கைகளுமாக ஒருவர் வந்து நிற்பார். வந்தவுடன் அவருக்கு வேலை ஏதும் கிடையாது. அவர் பார்வைக்கு எட்டும் இடத்தில் எந்தத் தொழிற்பொருளை வைக்கிறீர்களோ, அந்தத் தொழிலை ஏற்றுக்கொள்வார். ரைஹால் போன்ற சாய்வுப் பலகையை வைத்தால் நூலகர் ஆவார். தறியை வைத்தால் ஆட்டிடையர் ஆவார். பீப்பாயை வைத்தால் மீனவர். மக்கும் உரத்தொட்டியை வைத்தால் உழவர். இவ்வாறு 13 தொழில்கள் உள்ளன. எந்தத் தொழிலுக்கும் வராமல், பச்சை அங்கி அணிந்து ஊரைச் சுற்றும் ஒரு வகையினரும் உண்டு!

தொழிலோடு படுக்கையும் வேண்டும். ஆட்டத்தின் ஒரு நாள் நம் கணக்கில் 20 நிமிடம். பகலில் தொழிலிடத்திற்குச் செல்லும் கிராமவாசி, ஊரில் மணி ஒன்று இருந்தால் குறித்த வேளையில் அதைச் சுற்றி மற்றவர்களோடு கூடுவார். அந்தி சாய்ந்ததும் தம் படுக்கையைத் தேடிச் செல்வார். மிகுதியான படுக்கைகளும் போதிய ரொட்டியோ காய்கறியோ இருந்தால், ஊரில் குழந்தைகளும் பிறப்பர். இருட்டான இடங்களில் 'ஸோம்பி' என்னும் நடைப்பிணங்கள் தோன்றி ஊராரைத் தாக்கும். ஆகவே தெருவெங்கும் தீப்பந்தங்களை நடவேண்டும். சிறு பிள்ளைகள் அஞ்சுவார்களாயின், ஆட்டத்தின் கடுமையை 'பீஸ்ஃபுல்' நிலையில் வைத்துவிட்டால் அத்தொல்லை இராது.

இப்போது பிள்ளையின் பார்வையில் நிகழும் மாற்றத்தைக் கவனியுங்கள். நேற்றுவரை கோட்டைக் கொத்தளங்களின் அழகை மட்டும் எண்ணியிருந்த பிள்ளை, இன்று குடியிருப்போருக்குப் படுக்கை உண்டா, வெளிச்சம் உண்டா, வாசல் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குகிறது. கட்டடம் கட்டுவதிலிருந்து ஊரை நடத்துவதற்கு அப்பிள்ளை வளர்ந்துவிட்டது.

விளையாட்டில் தோன்றும் இந்த எண்ணம் மெய்யான ஊர்களுக்கும் உதவியிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பும் மோஜாங் நிறுவனமும் 2012-இல் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொது இடங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை, அங்கே வாழும் மக்களே இந்த ஆட்டத்தில் கட்டிக் காட்டினர். கென்யா நாட்டின் நைரோபி நகரில் நெருக்கம் மிகுந்த கிபேரா குடியிருப்பும் அவ்வாறு திட்டமிடப்பட்ட இடங்களுள் ஒன்று. ஓர் இடத்தை அமைக்கும்போது அதில் வாழப் போகிறவர்களை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அத்திட்டத்தின் கருத்து.

பேசும் உருவத்தைப் படைத்தல்

கிராமவாசிகள் பண்டமாற்றுச் செய்வார்கள், பேசமாட்டார்கள். பேசும் பாத்திரம் வேண்டுமானால் இரண்டாம் வகைக்குச் செல்ல வேண்டும். பள்ளிகளுக்கென 2016-இல் வெளிவந்த தனிப் பதிப்பில், மாணவர்களுக்கு வழிகாட்டுவதற்காக ஆசிரியர்கள் நிறுத்தி வைக்கும் உருவம் இது. 'என்.பி.சி.' என்பது இதன் பெயர். விளையாடுபவரால் இயக்கப்படாத பாத்திரம் என்று பொருள். வீட்டு டேப்லெட்டில் உள்ள பொதுப் பதிப்பிலும் இதனை வரவழைக்கலாம்.

உரையாடல் பெட்டியைத் திறந்து, முதலில் ஒரு சாய்கோட்டை இடுங்கள். அதையொட்டி, அழைப்பாணையைக் குறிக்கும் 'சம்மன்' என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு என், பி, சி என்னும் மூன்று எழுத்துகளையும் தட்டச்சு செய்து அனுப்பினால், ஓர் உருவம் உங்கள் முன் தோன்றும். அதன் அருகே சென்று திருத்தும் பொத்தானைத் தொட்டால் ஒரு படிவம் விரியும். பெயர் என்ன, தோற்றம் எது, பேச வேண்டிய சொற்கள் யாவை என்று அதில் நிரப்ப வேண்டும். கூடுதல் அமைப்புப் பகுதியில் பொத்தான்களையும் சேர்க்கலாம். 'பசிக்கிறதா?' என்று ஒரு பொத்தானுக்குப் பெயரிட்டு, அதைத் தொட்டவருக்கு ரொட்டி வழங்கும் கட்டளையை அதனுள் எழுதிவிட்டால், ஊர் வாசலில் விருந்தோம்பும் ஒரு பெரியவர் ஆயத்தமாகிவிட்டார்!

பிள்ளையை இங்கே சற்றுச் சிந்திக்க விடுங்கள். ஊருக்குப் புதிதாக வருபவரிடம் இந்தப் பெரியவர் என்ன சொல்ல வேண்டும்? எந்த வழியைக் காட்ட வேண்டும்? வந்தவர் என்னென்ன கேட்கக் கூடும்? ஒரு பாத்திரத்திற்கு வசனம் எழுதுவதென்பது மற்றவர் மனத்தில் நின்று பார்க்கும் பயிற்சி. வாப்பா ஒரு பாத்திரத்திற்கும், உம்மா இன்னொரு பாத்திரத்திற்கும் வசனம் சொல்ல, பிள்ளை தட்டச்சு செய்தால் குடும்பமே சேர்ந்து ஓர் ஊரைப் பேச வைத்துவிடலாம்.

உள்ளே இருப்பது என்ன?

உருவத்தைப் படைத்து முடித்தபின் பிள்ளையிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள். 'இந்தப் பெரியவர் உன்னை அறிவாரா?' பெரும்பாலான பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். 'நான் எழுதியதைத்தானே அவர் சொல்கிறார்' என்பார்கள். அந்தச் சிரிப்பிலும் அந்த விடையிலும் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது.

கிராமவாசியின் உள்ளேயும் விதிகளே இருக்கின்றன. இரவானால் படுக்கைக்குப் போ. தொழிற்பொருள் கண்டால் ஏற்றுக்கொள். நடைப்பிணம் நெருங்கினால் ஓடு. இத்தகைய விதிகளைக் கணினி நொடிக்கு 20 முறை சரிபார்க்கிறது. ஊரின் மக்கள்தொகை மிகும்போது டேப்லெட் சூடேறித் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. அவ்வேளையில் அமைப்புப் பக்கத்தில் இயக்கத் தொலைவைக் குறைத்தால், விளையாடுபவருக்கு நெடுந்தொலைவில் இருப்போரின் இயக்கம் நின்று கணினியின் சுமை குறையும்.

சுவரைச் சுற்றிக்கொண்டு வீடு சேரும் கிராமவாசி வழியைக் கண்டுபிடிப்பதும் கணக்கினால்தான். இருக்கும் இடத்திலிருந்து சேருமிடம்வரை குறைந்த செலவுள்ள பாதையைத் தேடும் ஒரு கணக்கு முறையை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரபேல் ஆகிய மூவர் 1968-இல் வெளியிட்டனர். அறைகளுக்குள் நடமாடும் ஓர் இயந்திரத்துக்காக நடந்த ஆய்வில் பிறந்த அம்முறை, இன்று கணினி ஆட்டங்களின் பாத்திரங்களை நடத்திச் செல்லப் பரவலாகப் பயன்படுகிறது. வீட்டை நினைத்து ஏங்கி ஓடுவதைப் போல நமக்குத் தோன்றினாலும், அங்கே நடப்பது தொலைவைக் கூட்டிப் பார்க்கும் வேலையே.

அறிந்தவரையும் மயக்கும் பேச்சு

'இவ்வளவு எளிய செய்தியைச் சொல்லித்தான் தர வேண்டுமா?' என்று கேட்பீர்கள். ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர், 1966-இல் 'எலைசா' என்ற உரையாடும் நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். மனநல மருத்துவர் ஒருவரைப் போல அது பேசியது. நாம் சொல்லும் வாக்கியத்தையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வேலையின் பெரும்பகுதி. தம் துயரைச் சொன்னவரிடம், அத்துயரைப் பற்றி மேலும் சொல்லும்படி அது கேட்டது. அவ்வளவே.

அவருடைய செயலாளராகிய பெண்மணி, அந்த நிரல் உருவானதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்பதை நன்கு அறிந்தவர். ஆயினும் அதனோடு சிறிது நேரம் உரையாடியதும், தம்மைத் தனியே விட்டு அறையிலிருந்து வெளியேறுமாறு வைசன்பாமையே கேட்டுக்கொண்டார்! திகைத்துப்போன அவர், கணினியிடம் மனிதர் மனம் எவ்வளவு எளிதில் சாய்ந்துவிடுகிறது என்பதைத் தம் நூலில் எழுதி எச்சரித்தார். அந்நூல் 1976-இல் வெளிவந்தது.

வளர்ந்த ஒருவருக்கே அந்த நிலை என்றால், இன்றைய செயற்கை அறிவுச் செயலிகளோடு பேசும் நம் பிள்ளைகளைப் பற்றி எண்ணிப் பாருங்கள். அவை எலைசாவை விடப் பல மடங்கு திறன் வாய்ந்தவை. யாரும் முன்கூட்டி எழுதி வைக்காத வாக்கியங்களையும் அவை தாமே அமைக்கின்றன. கிராமவாசியின் எளிய விதிகளுக்கும் அவற்றின் வேலைக்கும் இடையே வேறுபாடு மிகுதி என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு செய்தி இரண்டுக்கும் பொருந்தும். இனிமையாகப் பேசுவதால் மட்டும் ஓர் உருவம் நம் நண்பராகிவிடாது. தன் கையால் ஒரு பாத்திரத்தைப் பேச வைத்த பிள்ளை, பேசுகின்ற வேறோர் இயந்திரத்தைக் காணும்போது, 'இதைப் பேச வைத்தவர் யார்? எதற்காக?' என்று கேட்கும். அந்தக் கேள்வியை மட்டும் உங்கள் பிள்ளை கற்றுக்கொண்டால், இந்த விளையாட்டில் செலவிட்ட நேரம் வீணாகவில்லை.

இயந்திரம் அல்லாதவர்கள்

பெற்றோர்களே! இனிச் சொல்லப்போவது இன்னும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. அந்தச் சதுர உலகில் நடமாடும் எல்லா உருவங்களையும் கணினி இயக்குவதில்லை. இணையத்தின் வழியே சேர்ந்து விளையாடும் வசதி திறந்திருந்தால், வேறெங்கோ அமர்ந்திருக்கும் மனிதர்களும் அதே சதுர முகங்களோடு வரக்கூடும். பேசும் பாத்திரத்தின் தலைக்குமேல் பெயர் தெரிவதைப் போலவே, அந்நியரின் தலைக்குமேலும் பெயர் தெரியும். சிறு பிள்ளைக்கு இருவரும் ஒன்றாகவே தோன்றலாம். இயந்திரப் பாத்திரத்திடம் வீட்டு முகவரியைச் சொன்னால் அதற்கு ஒன்றும் விளங்கப் போவதில்லை. மனிதர் ஒருவரிடம் சொல்லிவிட்டால்?

வேறுபாட்டை அறிய எளிய அடையாளங்கள் உள்ளன. மனிதர் ஒருவர் உள்ளே நுழைந்தால், இன்னார் ஆட்டத்தில் சேர்ந்தார் என்னும் அறிவிப்பு திரையில் தோன்றும். ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பக்கத்தில் அவர் பெயர் விளையாடுவோர் பட்டியலில் இருக்கும். அவர் எழுதுவது உரையாடல் பகுதியில் வரும். கணினி இயக்கும் பாத்திரம் அந்தப் பட்டியலில் இடம்பெறாது. நீங்கள் எழுதி வைத்ததைத் தனிப் பெட்டியில் மட்டுமே காட்டும். இந்த அடையாளங்களைப் பிள்ளையின் அருகிலிருந்து ஒருமுறை காட்டிக் கொடுங்கள்.

வீட்டிற்குள் மட்டும் விளையாடினால் போதும் என்று கருதுவோர், உலகத்தின் அமைப்பில் பலர் சேர்ந்து விளையாடும் விசையை அணைத்துவிடலாம். அந்த உலகத்திற்குள் வெளியார் வர இயலாது. ஆயினும் பிறர் நடத்தும் பொது உலகங்களுக்குள் பிள்ளை செல்வதை அந்த விசை தடுக்காது. அதற்குப் பிள்ளையின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டுக் கணக்குத் தொடங்கி, அனுமதி வழங்கும் பொறுப்பைப் பெற்றோர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கினால், இந்தப் பாதுகாப்பு முழுவதும் பயனற்றுப் போகும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆயத்த நிலையில் உள்ள புதிய பாத்திரங்களையும் ஊர்களையும் விற்கும் கடை ஒன்று ஆட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. அங்கே செலாவணியாகும் 'மைன்காயின்' நாணயத்தை மெய்யான பணம் கொடுத்தே வாங்க வேண்டும். டேப்லெட்டில் கொள்முதலுக்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுவது நலம். இலவசமாகத் தருவதாகக் கூறும் முன்பின் அறியாத இடங்களிலிருந்து பாத்திரத் தொகுப்புகளைப் பிள்ளைகள் இறக்கிக்கொள்ளவும் விடலாகாது. முட்டைகளும் ஒரு கட்டளையுமே ஓர் ஊரை நிரப்பப் போதுமானவை.

வீட்டில் ஓர் உடன்பாடு

தடையை மட்டும் விதித்தால் பிள்ளைகள் மறைவில் விளையாடுவார்கள். அப்போது கேட்கவும் சொல்லவும் அருகில் எவரும் இரார். ஆகவே அன்றாடம் விளையாடும் நேரத்தையும், கூடத்தில் அமர்ந்தே விளையாட வேண்டும் என்பதையும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் பிள்ளையின் ஊருக்கு விருந்தாளியாகச் செல்லுங்கள். புதிதாகக் குடிவந்தவர் யார், அவருக்கு என்ன தொழில், அவர் பேசும் வசனத்தை எழுதியவர் யார் என்று கேளுங்கள். பெருமையோடு விடை சொல்லும் பிள்ளை, நாளை அறிமுகமற்ற ஒருவர் அந்த ஊருக்குள் வந்து பேச்சுக் கொடுத்தாலும், அதை உங்களிடம் தயக்கமின்றிச் சொல்லும்.

பிள்ளை கட்டிய ஊரின் வாசலில் நிற்கும் அந்தப் பெரியவர், எழுதிக் கொடுத்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டாலும் அப்படியே சொல்வார். பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக் கண்டு, 'என்ன ஆயிற்று கண்ணே?' என்று தாமாகக் கேட்க அவரால் இயலாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.